நாக்குமீன்

சனிக்கிழமை வருகிறார்கள்.
மகள் தொலைபேசியில் சொன்னது இரண்டே வரி:
"அவங்க வீட்டுல யாருக்கும் கடல் வாடையே ஆகாது.
நீ பாட்டுக்கு இறால், கணவாய்னு ஆரம்பிச்சிராதே."

இருபத்தாறு வருஷமாய் நெகோசெயா துறைமுகத்தில்
மீன் அரிகிற கை இது.
கறியே வைத்துவிடலாம்தான்.
ஆனால் ஒலவாரியாவிலிருந்து
நாலு மணி நேரம் பேருந்தில் வருகிற
மாட்டுக்காரர்களுக்கு மாட்டையே ஆக்கிப் போடுவது
கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

விடியுமுன் ஏலக்கூடத்தில் நின்றேன்.
கானாங்கெளுத்தி பளபளத்தது. வேண்டாம்,
அடுப்பை அணைத்த பிறகும் அதன் எண்ணெய் பேசிக்கொண்டிருக்கும்.
நெத்திலி, விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்பும்.
சுறாத் துண்டில் மூத்திர நெடி.
மெர்லூசா சாது, வெள்ளை மனசு,
ஆனால் முந்தாநாள் படகு:
அழுத்திய விரல் குழி
அப்படியே நின்றது.

கடைசிப் பெட்டியில், ஐஸுக்கு அடியில்,
இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு
எவனோ மிதித்துவிட்டுப் போனதுபோல் தட்டையாய்
நாக்குமீன்.
வேண்டாம் என்கிற நாக்குக்கு
நாக்கென்றே பேர்வைத்த மீன்.
செவுளைத் தூக்கினேன், நல்ல சிவப்பு.
மூக்கோடு ஒட்டிப் பிடித்தேன்,
குளிரின் வாசம்.
வேறொன்றுமில்லை.

"நெலிதா, நீயா காசு குடுத்து வாங்குறே?" என்றான் கப்ரேரா.
"சம்பந்தி வர்றாங்க."
தராசிலிருந்து
கட்டைவிரலை எடுத்துக்கொண்டான்.

தோலை உரித்தேன்.
ஓரத்துக் கருஞ்சதையை வழித்தெறிந்தேன்.
ஒரு முள்ளும் தப்பாமல்
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி தடவினேன்.
பிறகு பாலில் போட்டேன், அரைமணி நேரம்.
மீனில் மிச்சமிருக்கும் கடலைப் பால் வாங்கிக்கொள்ளும்.
மாட்டுக்காரர்களிடம் பேச
மாட்டையே தூது அனுப்புகிறேன்.

துடைத்து, மாவு தொட்டு, வெண்ணெயில்
ஒரு பக்கம் மூன்று நிமிஷம்.
நாலாவது நிமிஷம் கேட்டால்
கொடுக்கக்கூடாது.
ஜன்னலெல்லாம் திறந்துவைத்து
என் கையை எலுமிச்சையால் தேய்த்தேன்,
மூன்று தரம். மோந்தேன்.
இன்னும் ஒரு தரம்.

அனிபால் எச்செவெரி கதவளவு மனிதர்.
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் போல
முள்கரண்டியைப் பிடித்தார்.
அவர் மனைவி தெல்மிரா
ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி நேரம் கடத்தினாள்.
என் மிலாக்ரோஸ் என்னைப் பார்க்கவேயில்லை.
அவர் மென்றார். விழுங்கினார்.
"மீன் மாதிரியே இல்லையே!"

மேசை முழுக்கச் சிரிப்பு, பெருமூச்சு,
தெல்மிரா இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.
நானும் சிரித்தேன்.
அத்தனை தடவித் தடவி முள் எடுத்தும்
தொண்டையில் ஏதோ ஒன்று
குறுக்கே நின்றது.

கைகழுவ வந்தவர்
தொட்டியோரம் பிழிந்து கிடந்த
எலுமிச்சை மூடிகளைப் பார்த்தார். எட்டு.
ஒன்றை எடுத்தார்,
நகக்கண்ணில் வைத்துத் தேய்த்தார்,
பழகிய தேய்ப்பு.
"எனக்குத் தினம் ரெண்டு ஆகும்.
முப்பது வருஷமா வெட்டுக்கூடம்.
தோட்டத்துக் குழாயில கழுவிட்டுத்தான்
தெல்மிரா கதவைத் திறப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டை எடுத்து நீட்டினேன்.
என் கட்டைவிரல் தழும்பைப் பார்த்தார்,
தன்னுடையதைக் காட்டினார்.
அவருடையது நீளம்.

பேருந்துப் படியில் ஏறப்போனவர்
திரும்பி, குரலைத் தாழ்த்தி,
"அடுத்த தடவை
கொஞ்சம் மீனா இருக்கிற மீனாப் பண்ணுங்க.
கொஞ்சம்தான்."

தெல்மிரா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"மெர்லூசா வரைக்கும் வரலாம்" என்றேன்.
"கானாங்கெளுத்திக்கு
ஒரு பேரப்பிள்ளையாவது பிறக்கட்டும்."